பாலத்துக்குப் பேர், பாட்டுக்குப் பட்டை நாமம்

"நல்லா இருந்தா இந்நேரம் நமக்கே தெரிஞ்சிருக்குமே?"

யாரும் கேள்விப்படாத ஒரு பேண்டின் ஆல்பம் பற்றிப் பேச்செடுத்தால் வந்து விழுகிற முதல் பதில் இதுதான். கேண்டீனில் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். இரண்டாவது பதில், "பீட்டர் விடாதே". அதை மன்னித்துவிடலாம், அதில் விஷமில்லை. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு, அதுதான் மோசம். அந்த பேண்டை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும் ஆசாமி. அரைப் புன்னகையோடு, "ஓ, இப்பத்தான் கேக்கறீங்களா? அவங்களோட பழைய சிங்கிள்ஸ் கேட்டதில்லையா?" என்று ஆரம்பிப்பார். அந்த பேண்ட் நாளைக்கே பிரபலமாகிவிட்டால் முதலில் துக்கம் அனுஷ்டிக்கப் போகிறவர் அவர்தான்.

முதல் ஆசாமியும் மூன்றாவது ஆசாமியும் பரம வைரிகள் மாதிரி தெரிவார்கள். உண்மையில் இருவரும் ஒரே கட்சி. ஒருவருக்கு, பலருக்குத் தெரியாத பாட்டு என்றால் சரக்கில்லாத பாட்டு. இன்னொருவருக்கு, பலருக்குத் தெரியாத பாட்டு என்றால் உசத்தியான பாட்டு. காதைத் திறந்து கேட்டுவிட்டு முடிவு செய்கிற வேலை இரண்டு பேருக்குமே கிடையாது. இருவரும் தலைகளை எண்ணுகிறார்கள், கூட்டல் கழித்தல் குறி மட்டும் வேறு.

இந்த இரண்டு பேரையும் ஒரே ஆல்பத்தை வைத்து மடக்கலாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்திலிருந்து வந்த 'கோ-பிட்வீன்ஸ்' என்ற பேண்ட் 1988-ல் வெளியிட்ட '16 லவர்ஸ் லேன்'. பத்துப் பாட்டு. மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சினிமாவின் இடைவேளைக்கு முந்தைய பாதி கூட இதைவிட நீளம்.

முதலில் ஆல்பம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவது நல்லது. அது தெரியாமல் வாதத்தில் இறங்கினால் வெறும் ஜல்லியாகிவிடும்.

கிடார் என்றவுடன் தலைமுடியை ஆட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் சோலோ வாசிக்கிற சமாச்சாரத்தை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே கிடார் பாட்டுக்குக் கூலியாள். பெரும்பாலும் அகூஸ்டிக் கிடார், சீராக, பளிச்சென்று, காலையில் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே விழும் வெயில் மாதிரி. இது வெறும் வர்ணனை இல்லை. அந்த பேண்டே தங்கள் இசைக்கு 'கோடு போட்ட வெயிலின் சத்தம்' என்கிற அர்த்தத்தில்தான் பெயர் சூட்டிக்கொண்டது. அந்தக் கிடாருக்கு மேலே ஒரு வயலின், சில இடங்களில் ஓபோ என்கிற குழல் வாத்தியம். அதற்கு மேலே இரண்டு விதமான குரல்கள்.

அந்த இரண்டு குரல்களில்தான் விஷயமே இருக்கிறது. ராபர்ட் ஃபார்ஸ்டர், கிராண்ட் மெக்லெனன் என்று இரண்டு பாட்டுக்காரர்கள். ஆல்பத்தில் ஆளுக்கு ஐந்து பாட்டு, பாகப்பிரிவினை மாதிரி சரிபாதி. மெக்லெனன் இனிமையாகப் பாடுவார், ட்யூன் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஃபார்ஸ்டர் பாடுவதற்கும் பேசுவதற்கும் நடுவே எங்கேயோ நிற்பார், கொஞ்சம் நாடகத்தனம், கொஞ்சம் விறைப்பு. ஆல்பம் எழுதப்பட்ட காலத்தில் மெக்லெனனுக்கும் பேண்டில் வயலின் வாசித்த அமாண்டா பிரவுனுக்கும் காதல். ஃபார்ஸ்டருக்கும் டிரம்ஸ் வாசித்த லிண்டி மாரிசனுக்கும் இருந்த காதல் அதற்குச் சில வருடங்கள் முன்பே முடிந்துபோயிருந்தது. முடிந்த பிறகும் அதே வேனில், அதே மேடையில், அதே சம்பளப் பற்றாக்குறையில் சேர்ந்தேதான் இருந்தார்கள். ஆக, காதலில் மூழ்கிக்கொண்டிருக்கிற ஒருவனும், காதலிலிருந்து கரையேறி நனைந்த உடுப்போடு நிற்கிற ஒருவனும் மாறி மாறிப் பாடுகிறார்கள். கேட்கிற ஆளுக்கு ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் நுழைந்து நுழைந்து வெளியே வருகிற மாதிரி இருக்கும்.

'குவைட் ஹார்ட்' என்று இரண்டாவது பாட்டு. நிதானமாகக் கிளம்பி, அடுக்கடுக்காக ஏறி, கடைசியில் பெரிதாக விரிந்துவிடும். 'தி டெவில்ஸ் ஐ' இரண்டே நிமிடச் சொச்சம், பிரிந்திருக்கிற இரண்டு பேரைப் பற்றி, அதில் ஒரு வார்த்தை அதிகமில்லை. 'வாஸ் தேர் எனிதிங் ஐ குட் டூ?' வேகமாக ஓடும், நடுவே வயலின் புகுந்து கிடாரின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். கடைசிப் பாட்டு 'டைவ் ஃபார் யுவர் மெமரி' ஃபார்ஸ்டருடையது. முடிந்துபோன உறவைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பாடமுடியுமா என்று தோன்றும். அழவும் மாட்டார், திட்டவும் மாட்டார். அதுதான் கொல்லும்.

பிறகு 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்'. இது ரேடியோவுக்கென்றே அளந்து தைத்த பாட்டு. மூன்றரை நிமிடம், ஒரே முறை கேட்டால் முணுமுணுக்க வரும், அமாண்டா பிரவுனின் குரல் பின்னாலிருந்து பதில் சொல்லும். ஊர்த்தெருக்களில் சுற்றுவதைப் பற்றிய குதூகலப் பாட்டு என்று நினைத்துக்கொண்டே கேட்டால், அந்த வெயிலுக்கு நடுவே கசாப்புக்காரர்களின் கத்தி வரும், அடிவாங்குகிற மனைவிமார் வருவார்கள். ட்யூன் அப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். ஓர் அழகான ஊர் எதையெல்லாம் மூடிவைத்திருக்கிறது என்று இதைவிட நைசாகச் சொன்ன பாப் பாட்டுகள் குறைவு.

இப்போது முதல் ஆசாமிக்கு வருவோம். இந்தப் பாட்டு 1988-ல் பிரிட்டனில் முதல் 75 இடங்களுக்குள் வரவில்லை. 1989-ல் விடாமல் மறுபடி வெளியிட்டார்கள், அப்போதும் வரவில்லை. சொந்த நாடான ஆஸ்திரேலியாவில் முதல் 50-க்குள்ளேயே வரவில்லை. 1989 டிசம்பரில் பேண்டே கலைந்துபோனது.

"அதான் சொன்னேனே, மக்கள் தீர்ப்பு!" என்பார் ஆசாமி. மக்கள் எப்போது தீர்ப்புச் சொன்னார்கள்? பாட்டு அவர்கள் காதுக்குப் போனதா? ஓட்டுப்பெட்டியே வைக்காத ஊரில் டெபாசிட் காலி என்று அறிவிக்கிற கதை இது.

இந்த பேண்டின் கதையைக் கம்பெனிக் கணக்காக மட்டும் பார்த்தால் கூடப் போதும். ஃபார்ஸ்டரும் மெக்லெனனும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்கள். 1977 கடைசியில் பேண்ட் தொடங்கியபோது மெக்லெனனுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, சினிமாப் பைத்தியம் மட்டும் இருந்தது. ஃபார்ஸ்டர்தான் பேஸ் கிடார் சொல்லிக்கொடுத்தார். 1978-ல் முதல் சிங்கிள், பிரிஸ்பேனின் குட்டிக் கம்பெனி ஏபிள் லேபிளில். 1980-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த போஸ்ட்கார்டு. அப்புறம் மெல்போர்னின் மிஸ்ஸிங் லிங்க். அப்புறம் லண்டனுக்கே குடிபெயர்ந்து ரஃப் ட்ரேடு. 1984-ல் சைர், அதாவது மடோனா இருந்த அதே கம்பெனி. அங்கேயும் ஓர் ஆல்பத்தோடு சரி. 1986 முதல் பெக்கர்ஸ் பாங்க்வெட். அமெரிக்காவில் '16 லவர்ஸ் லேன்' வெளியானது கேப்பிடல் மூலமாக. பத்து வருடத்தில் ஆறு ஆல்பம், அதைவிட அதிகமான கம்பெனிகள்! வருடா வருடம் பள்ளிக்கூடம் மாறுகிற பையனை எந்த வாத்தியாருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்?

ரஃப் ட்ரேடில் இருந்தபோது 1983-ல் 'பிஃபோர் ஹாலிவுட்' என்ற ஆல்பம் வந்தது. 'கேட்டில் அண்ட் கேன்' என்ற பாட்டு அதில்தான். குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களையும் மாட்டுப் பண்ணையையும் பற்றி மெக்லெனன் எழுதியது, சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த பையனின் ஞாபகங்கள். தாளக்கட்டு வழக்கமான நாலு எண்ணிக்கைக்குள் அடங்காமல் நொண்டிக்கொண்டே நடக்கும், ஆனாலும் தடுக்கிவிழாது. அதே 1983-ல் அதே கம்பெனிக்கு 'ஸ்மித்ஸ்' வந்து சேர்ந்தார்கள். சின்னக் கம்பெனி. அதன் கையிலிருக்கும் காசும் நேரமும் ஓடுகிற குதிரையின் பக்கம்தான் போகும். அதில் தப்பும் சொல்ல முடியாது, ஸ்மித்ஸ் சிங்கிளுக்குச் சிங்கிள் அடித்து ஆடினார்கள். ஆனால் ஒரு குதிரைக்குக் கொள்ளு போட்டுவிட்டு, இன்னொன்றைப் பார்த்து "நீ ஏன் ஜெயிக்கவில்லை" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் கம்பெனிகள் தலையில் கட்டிவிட முடியாது. முதல் ஆல்பமான 'செண்ட் மீ எ லல்லபை' கரடுமுரடானது, கேட்க லேசாகப் பொறுமை வேண்டும். இரண்டு பாடகர்கள் என்பதால் பேண்டுக்கு ஒரு 'முகம்' கிடையாது, பத்திரிகை அட்டையில் யாரைப் போடுவது என்று தெரியாது. ஃபார்ஸ்டர் மேடையில் கவுன் மாட்டிக்கொண்டு வந்த ராத்திரிகளும் உண்டு. (எண்பதுகளின் ஆறு ஆல்பத் தலைப்பிலும் ஏதாவது ஓரிடத்தில் இரண்டு 'எல்' எழுத்து வரும்படி பார்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட குறும்புகளில் செலவழித்த மூளையை வியாபாரத்தில் செலவழித்திருந்தால் என்று அவர்களுடைய மேனேஜர்கள் புலம்பியிருக்கக் கூடும்.) ஆனால் '16 லவர்ஸ் லேன்' விஷயத்தில் இந்த எந்தச் சாக்கும் செல்லாது. ஐந்து வருடம் லண்டன் குளிரில் காசில்லாமல் கிடந்துவிட்டு, சிட்னி வெயிலுக்குத் திரும்பி வந்து, மார்க் வாலிஸ் என்கிற தயாரிப்பாளரைக் கூட்டிவந்து, பிரபலமாகியே தீருவது என்று முடிவெடுத்துச் செய்த ஆல்பம் அது. கேட்கச் சுலபமானது. அழகானது. அப்படியும் போணியாகவில்லை.

ஏன் என்று கேட்டால் ரேடியோவைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரி பாட்டுகளைப் போட்ட அரசு இளைஞர் வானொலி 'ட்ரிபிள் ஜே'. ஆல்பம் வந்த 1988-ல் அது சிட்னியில் மட்டும்தான் கேட்கும். மற்ற மாநிலத் தலைநகரங்களுக்கு விரிய ஆரம்பித்ததே 1989-ல். நாடு முழுக்க அதன் அலை போய்ச் சேருவதற்குள் பேண்ட் கலைந்துவிட்டது. தனியார் எஃப்.எம்.கள் எல்லாம் ஏற்கெனவே விற்கிற சரக்கைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தன.

சொந்த ஊர் பிரிஸ்பேனில் 'ஃபோர் ட்ரிபிள் ஸெட்' என்று ஒரு நிலையம் இருந்தது. 1975 டிசம்பரில் அதே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக வளாகத்திலேயே மாணவர்களை வைத்துத் தொடங்கப்பட்டது. அந்த மாநிலத்தின் அன்றைய நிலையைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும். ஜோ பியெல்கி-பீட்டர்சன் என்ற முதல்வர் 1968-லிருந்து 1987 வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 1977-ல் தெருவில் ஊர்வலம் போகவே தடை போட்டார். இளைஞர்கள் கூடிப் பாட்டு வாசித்தால் போலீஸ் வந்து நிற்கும். கோ-பிட்வீன்ஸ் தொடங்கியது அதே 1977-ல். அந்தச் சூழலில் உள்ளூர் பேண்டுகளுக்கு இடம் கொடுத்த காற்றலை அது ஒன்றுதான் என்று சொன்னால் பெரிய மிகை ஆகாது. ஆல்பம் வெளியான அதே 1988-ன் டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் நிர்வாகிகளே ஆளை அனுப்பி நிலையத்தின் ஒலிபரப்பை நிறுத்தினார்கள். மற்ற மாணவர்கள் திரண்டுபோய் மீட்டெடுத்தார்கள். ஆனாலும் அடுத்த வருடமே நிலையம் வளாகத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மாணவர் காசில் வளர்ந்த ரேடியோவை மாணவர் சங்கமே மூடப் பார்த்த கதை. கேட்பதற்கு ஏதோ தூர தேசத்துச் சங்கதி மாதிரி இருக்கிறதா?

ஒரு பாட்டு காதுக்கு வந்து சேர இத்தனை கதவுகள். கம்பெனிக் கணக்கு, கடை அலமாரி, எந்த வருடம் எந்த டவர் எழும்பியது, எந்தச் சங்கத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள். இதில் ஏதாவது ஒரு கதவு சாத்தியிருந்தால் பாட்டு வாசலிலேயே நின்றுவிடும். "நல்லதாக இருந்தால் தானாக மேலே வரும்" என்பது தண்ணீரில் எண்ணெய்க்குப் பொருந்தும். பாட்டை யாராவது தூக்கிவந்தால்தான் உண்டு.

"இப்ப எல்லாம்தான் ஒரு கிளிக்கில் கிடைக்குதே, இப்ப யாரு கதவைச் சாத்துறா?" என்று அடுத்த கேள்வி வரும். கிடைப்பதும் கேட்கப்படுவதும் ஒன்றா? நூலகத்தில் புத்தகம் இருக்கிறது என்பதற்காக அதை எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று அர்த்தமா? பாட்டுக் கேட்கிற செயலிகள் செய்வது, நேற்று கேட்டதைப் போன்ற இன்னொன்றை இன்று எடுத்துக்கொடுப்பது. நேற்று கேட்டதில் இந்த பேண்டின் சாயலே இல்லாதவருக்கு இது எப்படி வந்து சேரும்? கூட்டம் கேட்பதை மேலும் கூட்டத்துக்குக் கொடுக்கிற இயந்திரம் அது. பழைய எஃப்.எம். நிலையத்தின் அதே புத்தி, கொஞ்சம் மரியாதையான குரலில். இன்றைக்கும் '16 லவர்ஸ் லேன்' மாதிரியான ஆல்பம் ஒருவருக்கு அகப்படுகிறதென்றால் அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு மனிதர் இருப்பார். "சும்மா ஒரு தடவை கேட்டுப் பாரு" என்று தொல்லை கொடுத்த சிநேகிதர், இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காத சீனியர், எங்கேயோ நாலு பத்தி எழுதிவைத்த முன்பின் தெரியாத யாரோ.

அந்த மனிதர் வேலையைச் செய்யாமல் கல்லா மாதிரி பூட்டி வைத்துக்கொள்கிறாரே, அந்த மூன்றாவது ஆசாமிக்கு இனி வருவோம். இவருக்கு இந்த பேண்டின் தோல்விதான் இனிப்பு. யாரும் வாங்கவில்லை என்பதைப் பதக்கம் மாதிரி சட்டையில் குத்திக்கொள்வார். யாருடைய தோல்வி அது? 1989-ல் ஆர்.இ.எம். பேண்டின் ஐரோப்பியப் பயணத்தில் முன்னால் வாசிக்கிற பேண்டாக இவர்கள் ஊர் ஊராகப் போனார்கள், அரங்கம் நிறைந்திருந்தது மற்றவர்களுக்காக. பத்து வருடம் உழைத்தும் கையில் மிச்சமில்லாமல் முப்பது வயதைத் தாண்டியவர்களின் கதையை 'என்ன அழகான தோல்வி' என்று ரசிப்பதற்கு ஒரு கல்நெஞ்சு வேண்டும். அவர்கள் தோற்க ஆசைப்பட்டவர்களே இல்லை. ஹிட்டாக வேண்டும் என்று தவித்தவர்கள். அந்தத் தவிப்பு ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டிலும் மெருகாகத் தெரிகிறது.

அதோடு, இந்தப் பூட்டி வைக்கிற கூட்டம் கதையையும் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிட்டது. 'இரண்டு மேதைகள், ஒரு நட்பு' என்பதுதான் இவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை. லிண்டி மாரிசன் 1980-லிருந்து கடைசிவரை டிரம்ஸ் வாசித்தார். பேண்டில் சேரும்போதே மற்ற இருவரையும்விட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். அந்த நொண்டும் தாளங்களைக் கட்டி இழுத்தது அவர் கை. '16 லவர்ஸ் லேன்' பதிவின்போது சில இடங்களில் அவருக்குப் பதில் டிரம் மெஷினை உட்காரவைத்தார்கள், பளபளப்பு வேண்டுமாம். அது அவருக்குப் பிடிக்கவில்லை, அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அமாண்டா பிரவுனின் வயலினையும் குரலையும் ஆல்பத்திலிருந்து உருவிவிட்டால் மிச்சம் இருப்பது நல்ல பாட்டுகளின் முன்வரைவு மட்டும்தான். 1989 டிசம்பரில் பேண்டைக் கலைப்பது என்று ஆண்கள் இருவரும் தமக்குள் பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் பெண்கள் இருவருக்கும் தகவல் சொன்னார்கள். அமாண்டா அன்றைக்கே மெக்லெனனை விட்டுப் போனார். 2000-ல் அதே பெயரில் ஃபார்ஸ்டரும் மெக்லெனனும் திரும்ப வந்தபோது பெண்கள் இருவருக்கும் அதில் இடமில்லை. பாடகியும் எழுத்தாளருமான டிரேசி தார்ன் 2021-ல் லிண்டி மாரிசனைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஒரு பெண்ணைச் சரித்திரத்திலிருந்து எப்படி நைசாக அழிக்கிறார்கள் என்பதுதான் அதன் விஷயம். ரகசியமாகப் பொத்திவைத்து ரசிக்கிற கூட்டத்தில் இந்த அழித்தல் இன்னும் சுலபம். கேள்வி கேட்க வெளியாள் யாரும் இல்லையே!

சரி, பிற்பாடு என்ன ஆயிற்று? தாமதமாக எல்லா மரியாதையும் வந்தது. 2001-ல் ஆஸ்திரேலியப் பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கம் கடந்த 75 வருடத்தின் சிறந்த 30 ஆஸ்திரேலியப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தபோது 'கேட்டில் அண்ட் கேன்' அதில் இருந்தது. 2005-ல் 'ஓஷன்ஸ் அபார்ட்' ஆல்பத்துக்கு ஏரியா விருது. அவர்கள் வாழ்க்கையில் வாங்கிய முதல் ஏரியா விருது! 2006 மே 6-ஆம் தேதி, பிரிஸ்பேனில் தன் புது வீட்டுக்கு நண்பர்களை விருந்துக்கு அழைத்திருந்த நாளில், மெக்லெனன் படுக்கையிலேயே இறந்துபோனார். வயது 48.

2010 ஜூலையில் பிரிஸ்பேன் ஆற்றின் குறுக்கே ஒரு புதுப்பாலம் திறந்தார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அதற்கு வைத்த பெயர்: கோ பிட்வீன் பாலம். அவர்களுடைய பாட்டை முதல் 50-க்குள் ஏற்றாத நாட்டில், ஊர்வலம் போகக் கூட விடாத ஊரில், ஆறு வழியாகக் காரில் போகிறவர்கள் எல்லாரும் இன்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் போகிறார்கள். சுங்கம் வேறு கட்டுகிறார்கள். இசைத்தட்டுக்குக் கொடுக்காத காசைப் பாலத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், போய்ச்சேருகிற இடம்தான் வேறு.

பாலத்தைப் பார்த்துப் புல்லரிக்கிறவர்கள் உண்டு, "கடைசியில் நியாயம் ஜெயிச்சது பாத்தியா" என்று. என்ன நியாயம்? 1988-ல் அந்தப் பாட்டை நாலு ஸ்டேஷன் ஒழுங்காகப் போட்டிருந்தால், 1989-ல் அந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் பிரிந்திருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டு வாடகை பற்றிய கவலையாவது கொஞ்சம் குறைந்திருக்கும். உயிரோடு இருந்தபோது கொடுக்கவேண்டியதைச் செத்த பிறகு கான்கிரீட்டாகக் கொடுப்பதற்குப் பெயர் வேறு.

2015-லிருந்து டொமினோ நிறுவனம் பழைய ஆல்பங்களைப் பெரிய பெரிய பெட்டிகளாக மறுவெளியீடு செய்துவருகிறது. மூன்றாவது ஆசாமி அதை வாங்கி, பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருப்பார். அவரிடம் இரவல் கேட்க வேண்டாம், கொடுக்க மாட்டார். தேவையும் இல்லை. கொஞ்சம் தேடினால் ஆல்பம் முழுசாகவே கிடைக்கிறது.

ராத்திரி மெஸ்ஸில் சாப்பிட்டு வந்த பிறகு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முதல் பாட்டான 'லவ் கோஸ் ஆன்!'-இலிருந்து வரிசையாகக் கேட்பது உத்தமம். கலைத்துப்போட்டுக் கேட்டால் இரண்டு குரல்களும் மாறி மாறி வருகிற அந்த அறைவிட்டு அறை போகிற சுகம் கிடைக்காது. பிடித்திருந்தால் அடுத்த பெஞ்சுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' ஆறாவதாக வரும். அதுவரை பொறுக்கமுடியாதவர்கள் நேராக அங்கேயே போய் இறங்கினாலும் குற்றமில்லை.